ஆறு பித்தளைத் திருகாணிகள்

மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து கிட்டாரின் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்கிறது. ஈரமும் உப்புக்காற்றும் உள்ளே போயிருக்கும். பின்பக்க மூடியைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதா என்ன. அந்த மூடியை ஏழு வருஷமாகக் கழற்றாமல் இருப்பவனே நான்தானே.

இன்று காலை மேஜை இழுப்பறையில் ஸ்க்ரூடிரைவர் தேடினேன். கையில் சிக்கியது உன்னுடையது. சிவப்புப் பிடி, கழுத்தில் கறுப்பு டேப், பிடியில் நீ கீறி வைத்த உன் தொழிற்சாலை டோக்கன் நம்பர். மூக்கருகே கொண்டுபோனேன். உன் சட்டையில் எப்போதும் வீசுகிற அந்த மிஷின் ஆயில் வாசம் இன்னும் அதில் இருந்தது. அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். உன்னோடு பழகியவன் தன் மூக்கைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது.

அப்போது நம் மெல்லிசைக் குழுவுக்கு நீ டிரம்ஸ், நான் கிட்டார், செல்வம் கீபோர்டு. பகலில் நீ எர்ணாவூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வருகிற இரும்பு உதிரிகளை அளந்து பார்த்து, உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. நான் திருவொற்றியூரில் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. சீல் உடையாத கண்டெய்னரிலும் சரக்கு குறைந்து வருவதைப் பார்த்துப் பழகியவன். சந்தேகப்பட நம் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன, உனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

என் பழைய கிட்டார் ஒரே மழைக்காலத்தில் கழுத்து வளைந்து வில் மாதிரி ஆகியிருந்தது. இந்தத் தடவை வெளிநாட்டுச் சரக்குதான் என்று முடிவு செய்தேன். பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் மாடிக்கடை ஒன்று. புது எலக்ட்ரிக் கிட்டார்கள் பெட்டி பிரிக்காமல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். உனக்கு கிட்டாரில் ஒரு சுரம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பையில் ஸ்டீல் ஸ்கேல், டார்ச், ஒரு கைப்பிடி பஞ்சு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் எல்லாம் கொண்டுவந்திருந்தாய். பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் பாய் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். "சீல் போட்ட பொட்டி தம்பி. கம்பெனியே செக் பண்ணித்தான் அனுப்புது" என்றார்.

"கம்பெனின்னா யாரு பாய்? அங்கயும் என்ன மாதிரி ஒருத்தன்தான குந்திகினு இருப்பான்" என்றாய் நீ.

முதல் கிட்டாரை மடியில் வைத்துக் கழுத்தின் ஓரமாகப் பஞ்சை இழுத்தாய். குறுக்குக் கம்பிகளின் நுனியெல்லாம் பஞ்சைப் பிடித்து நூல் நூலாக வைத்துக்கொண்டன. "இன்னிக்கு பஞ்சு மாட்டுது. நாளிக்கு இவன் வெரலு மாட்டும். வாணாம்" என்று ஒதுக்கினாய். இரண்டாவதைத் தூக்கி ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கழுத்து நீளத்துக்கும் பார்த்தாய். "சுளுக்கிகீது பாய்" என்றாய். பாய் வாங்கிப் பார்த்தார், நானும் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பாய் தலையாட்டினார்.

மூன்றாவது கருஞ்சிவப்பு. பஞ்சு மாட்டவில்லை, கழுத்து நேர், தகடு போன இடமெல்லாம் அளவு சரி. பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. பரிசோதித்தவை என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக், கீழே ஒரு கையெழுத்து. நான் அதைப் பார்த்துத் திருப்தியானேன். நீ அட்டையைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்தை விரலால் தடவினாய்.

"எல்லாம் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பாத்துப் பாத்து போட்டவன் நடுவுல பேனாவ கீழ வெப்பான், எடுப்பான். கை மாறும். இது குந்தி மொத்தமா போட்டது மாமு."

ஆம்ப்ளிஃபையரில் செருகியதும் கிட்டாரிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. கடையின் ஒயரிங் அப்படி என்றார் பாய். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். நீ நம்பவில்லை. திறந்து பார்க்க வேண்டும் என்றாய். ஆனால் அதற்குள் நான் அதை மடியில் வாங்கி வாசிக்க ஆரம்பித்திருந்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை. நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சாமான்களையெல்லாம் பைக்குள் போட்டாய்.

"சரி, எடுத்துக்க. ஆனா உள்ள பாக்காம இது பாஸ் இல்ல. கொஞ்ச நாளு என்னாண்ட வுடு."

திரும்பி வரும்போது ரயில் கொருக்குப்பேட்டை யார்டு அருகே சரக்கு வண்டிக்காக நின்றுவிட்டது. நம் இருவருக்கும் நடுவில் பெட்டி. அந்த டிக் விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"நானும் போட்டுகீறேன். ஒரு நாளு கம்பெனி பஸ்சு கெளம்பிகினு இருந்துச்சு. ஒரு டிரே முழுக்க பாக்காம டிக் போட்டுட்டு ஓடிட்டேன். அதுல ஒண்ணு லைன்ல ஒடஞ்சு ஒருத்தனுக்கு ரெண்டு வெரலு போச்சு. என்ன யாரும் கேக்கல. அன்னிலேர்ந்து எவன் டிக்கையும் நான் நம்பறதில்ல. என்னுதையும்தான்."

வண்டி நகர்ந்ததும் நீ பேச்சை மாற்றி, அடுத்த கச்சேரியில் என்ன பாட்டு என்று கேட்டாய். அந்த ரெண்டு விரலைப் பற்றி நாம் மறுபடி பேசவே இல்லை.

பத்து நாள் கழித்து கிட்டார் என் கைக்கு வந்தது. வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ கடையில் செய்ததையெல்லாம் செய்தேன். டார்ச் அடித்தேன், புரட்டினேன், தடவினேன். பின்மூடியில் இருந்த ஆறு கறுப்புத் திருகாணிகள் பித்தளையாக மாறியிருந்தன. அதைவிடப் பெரிய விஷயம், ரீங்காரம் போயிருந்தது. சுத்தமாகப் போயிருந்தது. நீ சரிசெய்திருக்கிறாய் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வேறு எதையோ வைத்திருக்கிறாய் என்றுதான் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் நல்லது நடந்தாலும் அதுவே சாட்சியாகிவிடுகிறது.

அடுத்த நாள் செல்வம் வந்தான். "மாமு, தப்பா நெனைக்காத. உன் தோஸ்து அந்த மாதவரம் கிட்டாருக்காரன் வூட்ல உன் கிட்டார பொளந்து வெச்சிகினு இருந்தான். ரெண்டு பேரும் சோல்டரிங் பண்ணிகினு இருந்தாங்க. என் கண்ணால பாத்தேன்" என்றான். மாதவரத்துக்காரன் நம் போட்டிக் குழுவில் வாசிப்பவன். அவன் கிட்டாருக்கு நல்ல உதிரி எப்போதும் தேவை. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? இரவெல்லாம் கணக்குப் போட்டு, விடியும்போது உன்னைக் குற்றவாளியாக்கிவிட்டிருந்தேன்.

ஒத்திகை அறையில் எல்லோரும் இருக்கும்போதுதான் கேட்டேன். தனியாகக் கேட்டிருக்கலாம்.

"ஸ்க்ரூ எப்படி மாறிச்சு?"

"அது துரு புடிக்கும். மாத்துனேன்."

"பழசு எங்க? உள்ள இருந்த சாமானெல்லாம் எங்க? மாதவரத்தானுக்கு குடுத்துட்டியா?"

நீ கையிலிருந்த டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தாய். கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து இந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்தாய்.

"தொறந்து பாரு."

அவ்வளவுதான். நான் அதைத் தொடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. கச்சேரிக்கும் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை நீ திரும்பக் கேட்கவும் இல்லை; அது என் இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

ஏன் திறக்கவில்லை என்று இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை இதுதான். உள்ளே சாமான் மாறியிருந்தால் நீ எனக்கு இல்லை. மாறாமல் இருந்தால் உன் வீட்டு வாசலில் வந்து தலைகுனிந்து நிற்க வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டாம். மூடியிருந்தால் என் சந்தேகமாவது என்னோடு இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி என்பதை நீயே கண்டுபிடித்திருப்பாய்.

ரெண்டு வருஷம் கழித்து, மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே போய்விட்டாய் என்று செல்வம் வந்து சொன்னான். மழைக்காலம். உன் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பந்தலுக்குள் வராமல் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். உன் மனைவிதான் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்த கிட்டாரு நல்லா கீதாண்ணா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது. நான் தலையாட்டினேன். "மழ முடிஞ்சா உங்க வூட்டாண்ட போவணும்னு வருசா வருசம் சொல்லிகினே இருப்பாரு. போவவே இல்ல" என்றாள்.

அதையும் நான் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு வர நினைத்தாய்? சண்டை போடவா? செய்ததை ஒப்புக்கொள்ளவா? அது ஏன் மழை முடிந்தால்? அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை திறந்தேன். உன் ஸ்க்ரூடிரைவரால், உன் பித்தளைத் திருகாணிகளை ஒவ்வொன்றாக. ஒன்றில்கூடத் துரு இல்லை.

முதலில் உதிரிகளைத்தான் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அதில் ஒட்டியிருந்த முத்திரையோடு டார்ச் அடித்து ஒப்பிட்டேன். எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு கம்பியின் நுனியில் மட்டும் பற்றவைத்த ஈயம் புதிதாக, மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. மூடியின் உட்பக்கம் டேப்பால் ஒட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. அதற்குள் பழைய கறுப்புத் திருகாணிகள். பையின்மேல் உன் கோணல் எழுத்தில், 'எண்ணிக்கோ.'

எண்ணினேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் கேட்பதற்கு முன்பே, நான் கேட்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒட்டி மூடிக் கொடுத்திருக்கிறாய்.

பைக்குப் பின்னால் அந்தக் கம்பெனி அட்டையை இரண்டாக மடித்து வைத்திருந்தாய். முன்பக்கம் அவர்களுடைய டிக்குகள், எல்லாம் ஒரே சாய்வு. பின்பக்கம் நீயே கோடு போட்டு எழுதிய பட்டியல். எர்த் ஒயர் சும்மா தொட்டுகினு இருந்துச்சு, ஒட்டவே இல்ல, அதான் அந்த ரீங்காரம். மாதவரத்தாளு சோல்டர் போட்டான், பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஸ்க்ரூ துரு புடிக்கும், மாத்துனேன். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக். ஒன்று நீல மை, ஒன்று பென்சில், ஒன்று பேனா எழுதாமல் இரண்டு முறை கீறியது. பார்த்துப் பார்த்துப் போட்டவன் கை.

கடைசி வரி இது. 'கழுத்து: மழை முடிஞ்சதும் திரும்ப பாக்கணும்.' அதற்கு நேராகக் கட்டம் மட்டும் போட்டிருந்தாய். டிக் இல்லை.

இதற்குத்தான் வர இருந்தாயா? உன்னைத் திருடன் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவன் வீட்டுக்கு, அவன் கிட்டாரின் கழுத்தைப் பார்க்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி. 'நான் எடுக்கல' என்று ஒரு வார்த்தை. ஆனால் நீ சொல்லமாட்டாய். சொன்னால் நம்பக்கூடாது, பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று கடைசிவரை இருந்தவன். ரயிலில் நீ சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நீ ஒருமுறை பார்க்காமல் டிக் போட்டாய், அதற்காக ஆயுள் முழுக்க ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாய். நான் உன்னைப் பார்க்காமலே கழித்துப் போட்டேன், ஏழு வருஷம் திறக்காமல் வைத்திருந்தேன்.

குமிழைத் துடைத்தேன், கரகரப்பு போய்விட்டது. பிறகு ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கழுத்தைப் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் தெரிந்தது. ஸ்கேல் வைத்தும் பார்த்தேன். பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் அருகே வரை கொண்டுபோய்விட்டு மூடி வைத்தேன். அட்டையையும் பழைய ஆறு திருகாணிகளையும் இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டு, பித்தளையைத் திருகி மூடினேன். உன் ஸ்க்ரூடிரைவர் இனிமேல் இழுப்பறையில் இல்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஒவ்வொரு மழை முடிந்ததும் நான் பார்ப்பேன். கழுத்து நேராகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீ வந்து பார்க்காமல் அது பாஸ் இல்லை.