பெட்டியின் பின்பக்கம்

கோலா கெத்தில்
12.3.1979

அன்புள்ள அம்மாவுக்கு லியோனார்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நேற்று இங்கே தோட்டத்து மேனேஜர் பங்களாவில் ஏர்கோன் மாட்டினேன். அந்தப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை அம்மா. அறையின் சூட்டை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் சமையல்கார ரோசம்மா அக்காவின் அறை. “கொஞ்சம் தள்ளி மாட்டு தம்பி, சூடு தாங்காதுலா” என்றார். மேனேஜர் காட்டிய இடத்திலேயே மாட்டினேன். அக்கா கோபப்படாமல் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

கோவிலில் தனியாகத்தான் உட்காருகிறேன். அப்பாவின் ஞானப்பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் லோரி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். குளுவாங் பங்களாவில் நீங்கள் சமைத்த காலத்தில், நம் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டி இரைந்துகொண்டே இருக்குமே. ஜன்னலோரம் நீங்கள் படுத்துக்கொண்டு என்னைக் கதவோரம் படுக்கவைப்பீர்கள். ஏன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

உங்கள் மகன்
லியோனார்ட்