கூடை வண்டியைப் பற்றி அப்பா எழுதுவது

14.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் தம்பியும் உடல் நலத்துடன் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்கிறீர்கள் என்று உன் அடுத்த கடிதம் சொல்லுமானால் எங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. உன் கடிதம் 9-ஆம் தேதி வியாழக்கிழமை கைக்கு வந்தது. எழுதிய தேதியை நீ வழக்கம்போல் போடவில்லை, ஆகவே தபால் முத்திரையைப் பார்த்து செப்டம்பர் 29 என்று நானே மேல் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், பிழையாயின் தெரிவிக்கவும். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள், ஏறும்போது பிடிப்பதில்லை, ஏன் என்று கேட்டால் ஏறுகிறவளுக்கு வழி தெரியும் என்கிறாள். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் புதிதாக ஒட்டிய டைல்ஸை உடைத்துவிட்டு, அது முன்பே விரிசல் விட்டுத்தான் இருந்தது என்று எனக்கே பாடம் நடத்திவிட்டுப் போனார். உன் தம்பிக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது, பகலில் வீட்டில் இருக்கிறான், இந்தக் கடிதத்தை நான் முடித்ததும் போனில் படம் பிடித்து உனக்கு இன்றே அனுப்பிவிடுவான். அசல் தபாலில் வரும். போனிலேயே பேசிவிடலாமே என்று அவன் கேட்கிறான். போனில் நான் பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். காகிதம் அப்படிச் சொல்லாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 19-ஆம் தேதி சனிக்கிழமை நீ கயிற்றில் தொங்கி மரக்கிளை வெட்டும் வேலையில் வழுக்கி, ஊஞ்சல் போல் ஆடி, அடிமரத்தில் மோதி விலா எலும்பில் விரிசல் கண்டதை எங்களிடம் மறைத்தாய். மாப்பிள்ளை ஆகஸ்ட் 3-ஆம் தேதி வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவர் மேல் கோபித்துக்கொள்ளாதே, அவருக்குப் பொய் சொல்ல வராதது உன் நல்ல காலம். அன்று உன் அம்மா போனில் அழுது உன்னிடம் சத்தியம் வாங்கினாள். அக்டோபர் முடிய ஒத்துக்கொண்ட வேலைகளை முடித்துவிட்டு, அதன்பின் மரத்தின் மேல் வேலை என்றால் ஆளை மேலே தூக்கும் கூடை வைத்த வண்டியில் நின்றுதான், கயிற்றில் தொங்கி இனி இல்லை, கூடை வண்டி அமையாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை என்பது சத்தியம். நீயும் கொடுத்துவிட்டாய். அந்தச் சமயத்தில்தான் உன் பழைய முதலாளி தொழிலை மூடிக்கொண்டு தம்முடைய கூடை வண்டியை உனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்மாதம் 31-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும் என்கிறார். "உனக்குன்னே வச்சிருந்தேம்மா" என்று அவர் சொன்னதாக நீ எழுதியிருந்த வரியை அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எதிர் வீட்டுத் தையல்கார அம்மாவிடம் போய், என் பொண்ணு இனிமே ஆகாசத்துல நின்னுக்கிட்டே வேலை பாக்கப் போறா, லிஃப்ட்டு மாதிரி, பட்டனை அமுக்கினா போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருவில் இப்போது இதுதான் பேச்சு.

வண்டியின் படங்கள் 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தம்பியின் போனுக்கு வந்தன. பார்த்துக் கருத்துச் சொல் என்று நீ கேட்டிருந்தாய். பேருந்துப் பணிமனையில் காலை வேளையில் வெளியே போகும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, போகலாம் அல்லது நிற்கட்டும் என்று சொல்வதே என் உத்தியோகம், 2009 ஏப்ரல் 30 வரை அதைத்தான் செய்தேன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை மட்டும், மகளே, போகலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் பின்னால் எழுதுவது உனக்கு விளங்காது. அந்த வண்டி தேறினால் நீ பிடித்த தொழிலில் இருப்பாய், உன் அம்மாவும் தூங்குவாள். ஆகவே படங்களை நல்ல எண்ணத்தோடே பார்த்தேன்.

படத்தில் பார்த்தவரை எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டயர்கள் மூன்று வருடத்துக்கு முன் மாற்றியவை என்கிறார் முதலாளி, ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம், பின்சக்கரத்தில் தெரிவது 3116. அதாவது 2016-ஆம் வருடத்தின் முப்பத்தொன்றாவது வாரம். சரி, டயர் மாற்றக்கூடியதுதான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்தது, கூடையைத் தூக்கும் இரும்புக் கைக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஓஸ் குழாய்கள். எல்லாவற்றையும் போன வருடம் மாற்றியதாக அவர் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். ஓஸின்மேலும் அதைச் செய்த வருடம் அச்சாகியிருக்கும். நான்கில் ஒன்றுதான் புதியது, மற்ற மூன்றில் 2014 என்று தெரிந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. சனிக்கிழமை தம்பியின் போனை எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமே போனேன். அவர் தம் பெரிய லென்சை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை தரம் பார்த்தாலும் ரெண்டாயிரத்துப் பதினாலுதான் சார், உங்களுக்குக் கண்ணாடி மாத்த வேண்டியதில்ல என்றார். அவரிடம் போனதற்கு அந்த ஒரு லாபம்தான்.

இவையும் போகட்டும். ஏழாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படி. இரும்புக் கை மடங்குகிற இடம், முழங்கை என்று சொல்லலாம், அங்கே மட்டும் ஓர் அடி நீளத்துக்குப் பெயிண்ட் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருக்கிறது. வண்டி முழுவதற்கும் பெயிண்ட் அடித்திருந்தால் அழகுக்காக என்று விட்டுவிடலாம். ஓர் இடத்தில் மட்டும் அடித்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்தாற்போல் ஒரு வரி மேடிட்டுத் தெரிகிறது. அது வெல்டிங். அந்தக் கை எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது, யாரோ ஒட்டியிருக்கிறார்கள். சோதனை செய்ததற்கான ஒட்டுத்தாள் 2024 ஜூன் 18-உடன் முடிந்துவிட்டது, அதன்பின் யாரும் வந்து பார்த்ததற்கு அடையாளமில்லை. உன் முதலாளியை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஒரு ஓஸ் மாற்றியது எல்லாம் மாற்றியதாக அவர் நினைவில் நின்றிருக்கலாம், அவரும் அந்தக் கூடையில் ஏறி வருடங்கள் ஆகியிருக்கலாம். அவர் மனம் நல்லதாகவே இருக்கட்டும். வெல்டிங் நல்லதல்ல. நாற்பது அடி உயரத்தில் உன்னைத் தாங்குவது அவர் மனம் அல்லவே.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி வேண்டாம் என்றால் சத்தியத்தின்படி நீ தொழிலை விட வேண்டும். வேண்டும் என்றால் நான் என் வாயால் அந்தக் கூடையில் உன்னை ஏற்றினவன் ஆவேன். சாப்பிடும்போது உப்பு இல்லை என்று கூடச் சொல்லவில்லை, அதிலிருந்தே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று, 13-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வண்டி சரியில்லையா என்று கேட்டாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓஸும் டயரும் அவளுக்கு முக்கியமாகப் படவில்லை, பெயிண்டைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டாள். பிறகு, இது பஸ்ஸா இருந்தா நீங்க வெளிய விட்டிருப்பீங்களா என்றாள். விட்டிருக்க மாட்டேன் என்றேன். அப்ப கயித்துல மட்டும் எப்படி விடுவீங்க என்றாள். யோசித்துத்தான் சொன்னேன்: கயிற்றை நம் மகள் ஏறும் முன் ஒவ்வொரு நாளும் தன் கையால் அடி அடியாகத் தடவிப் பார்க்கிறாள், எந்தக் கிளை, எந்த முடிச்சு என்று அவளே தீர்மானிக்கிறாள், ஆனால் அந்த வெல்டிங்கை ஒருவரும் பார்க்கவில்லை, அதன்மேல் பெயிண்ட்தான் அடித்திருக்கிறார்கள் என்றேன். அம்மா பீன்ஸை மறுபடி எடுத்தாள். பாதி நறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதும்படி உத்தரவு:

"கூடைதான்னு அடம் பிடிச்சது நான். அந்தச் சத்தியத்த நானே திரும்ப எடுத்துக்கிட்டேன்னு எழுதுங்க. அவ கயித்துலயே ஏறட்டும்."

எழுதிவிட்டேன். இதற்குமேல் அவளை நீ போனில் குடைந்து கேட்காதே, மறுபடி அழுவாள். ஆனால் இனி நான் சொல்லப்போவதை நீ "சரிப்பா" என்று தாண்டக் கூடாது. முதலாவது, முதலாளிக்கு 31-ஆம் தேதிவரை காத்திராமல் மரியாதையாகப் பதில் சொல்லிவிடு. வண்டியின் கையை வெளியார் ஒருவர் பெயிண்டைச் சுரண்டிச் சோதித்து எழுத்தில் சான்று கொடுத்தால் அப்போது பேசலாம், அதுவரை வேடிக்கைக்குக்கூட அந்தக் கூடையில் நிற்காதே, அவரையும் எச்சரி, இல்லாவிட்டால் அவர் வேறு யாருக்காவது விற்றுவிடப் போகிறார். உனக்கு இப்போது வேண்டியது பின்பக்கம் சாய்த்துக் கொட்டக்கூடிய தொட்டி வைத்த சிறிய லாரி, அதன் பின்னால் கிளை அரைக்கும் மெஷினை இழுத்துக்கொண்டு போகலாம். லாரியின் கதவுச் சட்டத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற தகடு இருக்கும், அதைப் பார். நீங்கள் எல்லோரும் செய்யும் பிழை, தொட்டி நிரம்பவில்லையே, இன்னும் ஏற்றலாம் என்று கண்ணால் அளப்பது. காய்ந்த மரத்தூளும் மழையில் நனைந்த பச்சைத் தூளும் ஒரே உயரத்தில் இருந்தாலும் ஒரே பாரம் அல்ல. ஒரு தரம் ஈரத்தூளை நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, தொட்டியின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டுவிடு, அந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றாதே. மெஷினை மாட்டும் கொக்கியின் பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்டு, கொக்கி கழன்றால் மெஷினின் இழுகம்பு சங்கிலியின்மேல் விழுந்து தங்கும், தரையில் குத்தாது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை.

கயிற்றையும் இடுப்பு வாரையும் பேட்டரிக்குப் பக்கத்திலோ பெட்ரோல் கேனுக்குப் பக்கத்திலோ ஒருபோதும் வைக்காதே. பேட்டரி அமிலம் ஒரு சொட்டுப் பட்டாலும் கயிறு வெளியில் நன்றாகவும் உள்ளே செத்தும் இருக்கும். மூடி போட்ட தனிப் பெட்டி ஒன்றை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் செய்துகொள், அதில் வேறெதையும் போடாதே, உன் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கயிறு, வார், ஹெல்மெட் மூன்றும் எந்தத் தேதியில் புழக்கத்துக்கு வந்தன என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டு, கயிற்றின் மேலேயே பேனாவால் எழுதாதே. ஜூலையில் நீ வழுக்கியபோது மாட்டியிருந்த வாரை இன்னும் வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் வெட்டி எறி, யாருக்கும் கொடுக்காதே. ரம்ப மெஷினை எடுத்து அறுக்கும்போது உன்னை இரண்டு கயிற்றால் மரத்தோடு மாட்டியிருக்க வேண்டும் என்பது நீயே எனக்குச் சொல்லித்தந்தது. அன்று இரண்டாவதை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோதே அறுத்தாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மாற்றும் நேரத்தில் மெஷின் அணைந்து தொங்கட்டும், மரம் எங்கும் ஓடிவிடாது. பட்டுப்போன மரத்தில், வேர் அழுகிய மரத்தில் கயிறு போட்டு ஏறாதே, அதற்கு மட்டும் நல்ல கூடை வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடு. கீழே நிற்கும் உன் கூட்டாளி, வாய் மூடாமல் பேசுவதால் நீங்கள் எல்லோரும் ரேடியோ அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவருக்கு உன்னை மேலிருந்து இறக்கத் தெரியுமா? தெரியும் என்று அவர் சொல்வார், அவர் எதைத்தான் சொல்லமாட்டார். இன்னொரு கயிறும் வாரும் கீழே தயாராக இருக்க வேண்டும், நீ மயங்கினாற்போல் தொங்கி அவரை ஏறி இறக்கச் சொல்லிப் பார். இரத்தம் நிறுத்தும் கட்டு லாரியில் இருந்து பயனில்லை, உன் இடுப்பு வாரிலேயே ஒன்று, அவர் இடுப்பில் ஒன்று.

நிறைய எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. உன் முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லத் தவறாதே, உனக்குத் தொழில் கற்றுத்தந்தவர். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், அவர் இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாரா என்று எழுதவும். ஏறும் ஒவ்வொரு மரமும் உன்னைத் தன் பிள்ளையைப் போல் தாங்கட்டும், உன் கைக்கும் கயிற்றுக்கும் குறைவு வராமல் நீ நீடூழி வாழ வேண்டும். கடைசியாக ஒன்று நினைவில் வை. அக்டோபர் கெடு முடிந்து, நவம்பர் 3-ஆம் தேதி திங்கட்கிழமை நீ சத்தியம் இல்லாமல் ஏறும் முதல் நாள். ஏறப் போகிறேன் என்று காலையில் அம்மாவுக்குப் போன் செய்யாதே. இறங்கி, வாரைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, "அம்மா, எறங்கிட்டேன்" என்று மட்டும் சொல். போனை அவள்தான் எடுப்பாள். நான் பக்கத்தில் இருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

அடுத்த கடிதத்தில் தேதி போடவும்.