மூட்டை புறப்பட்ட நாள்

பூட்வல், நேபாளம்
ஜனவரி 5

என் அருமை அக்கா பிம்லா திதிக்கு,

உன் தங்கை உனக்கு எழுதும் முதல் கடிதம் இது; சண்டையும் இல்லை. பத்திரமாக வைத்துக்கொள்.

மாணவர் விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம்தான் வேடிக்கை. டிசம்பர் 14 அன்றே நான் உன் நாட்டில் வந்து இறங்கிவிட்டேனாம், இன்னும் வெளியேறவில்லையாம். நானோ இங்கே, வாயில் வைக்கப் பிடிக்காத குந்த்ருக் கீரையை நம்மைப் பெற்ற ஆமாவின் திட்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

"எவளோ உன் பேர்ல போயிட்டா" என்கிறார் மாமா. எனக்கோ ஆமா கட்டிய மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. மார்கழிக் குளிரில் பூஸ் மாதம் பிறந்துவிட்டால் பயணத்துக்கு நாளே கிடையாது என்று, விசா வருமுன்பே நல்ல நேரம் பார்த்து, என் துணி, பாக்கு, அரிசியெல்லாம் மூட்டை கட்டி மாமா வீட்டில் கொண்டுபோய் வைத்தாளே, அது அதே பதினாலாம் தேதிதான். மூட்டை வாசல் தாண்டினால் ஆள் புறப்பட்ட கணக்கு என்பாள்.

மேல்முறையீட்டுக்கு உன் ஊர் வக்கீல் அத்தாட்சி கேட்கிறார். போனில் எங்கிருந்து வேண்டுமானாலும் பேசலாமாம், அது செல்லாதாம். கையால் எழுதி, பூட்வல் தபால் முத்திரை விழுந்த கடிதம்தான் வேண்டுமாம். இது கிடைத்ததும் அவரிடம் கொடுத்துவிடு. மார்ச்சில் வகுப்பு தொடங்குகிறது. இந்த இடமும் போனால் நான் நர்ஸ் ஆன மாதிரிதான்.

உன் சிர்ஜனா

வெஸ்ட்பர்ன்
ஜனவரி 20

செல்லத் தங்கை நானு,

ஆறு வருடத்தில் ஒரு வரி எழுதாதவள், வக்கீல் கேட்டதும் எழுதுகிறாய். இருக்கட்டும்.

ஒரு விஷயம். உன் போட்டோவைப் பார்த்திருக்கும் பக்கத்து வீட்டு துர்கா கேட்கிறாள்: "உன் தங்கச்சி வந்துட்டாளாமே, சொல்லவே இல்ல? பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அவ்ளோ கர்வமா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். ஆமா உனக்குப் பின்னிய ஸ்வெட்டர் என்ன நிறம்?

திதி

பூட்வல்
பிப்ரவரி 3

திதி,

பச்சை. மூட்டைக்குள் இருக்கிறது.

நேற்று மாமா வீட்டில் போய்ப் பார்த்தேன். முடிச்சு ஆமா போட்டபடியே இருக்கிறது. தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் கனமில்லை. அவிழ்க்கலாம் என்றேன். "பொறப்பட்ட மூட்டைய அவுத்தா அப்புறம் பயணமே அமையாது, கைய எடு!" என்று ஆமா கத்தினாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு நாளாக ஆமா ஒரு தட்டு குறைத்து வைக்கிறாள். கேட்டால், "அடடா, நீ போயிட்டேன்னு நெனச்சுட்டேன்" என்கிறாள். விசாரணை இருபத்தெட்டாம் தேதி. இரண்டு கடிதத்தையும் கொடுத்துவிடு.

சிர்ஜனா

வெஸ்ட்பர்ன்
பிப்ரவரி 19

நானு,

என்னைத் திட்டு, ஆனால் முழுவதும் படி.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவைத் தட்டினாள், திறந்தேன், உன் முகம். பேசுவதில்லை. நான் வேலைவிட்டு வந்தால் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தலை பின்னிவிடுகிறாள். ஆறு வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்தியாகவே தின்று தூங்கியிருக்கிறேன். அது உனக்குத் தெரியாது.

நீ ஜெயித்தால் இவள் போய்விடுவாளோ என்று பயந்தேன். உன் கடிதங்களை வக்கீலிடம் நான் கொடுக்கவில்லை. என்னிடம்தான் இருக்கின்றன.

உன் பாவி திதி

பூட்வல்
மார்ச் 5

பிம்லா திதி,

மேல்முறையீடு தள்ளுபடி. 'விண்ணப்பதாரர் தம் நாட்டில் இருப்பதற்கு ஆதாரம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். உன் கடிதம் மறுநாள்தான் வந்தது.

இப்போது என் போனிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் அவர்களுக்கு மணி அடிப்பதில்லை. இன்று மாமா கதவைத் திறந்து, "யாரும்மா நீ? யாரு வேணும்?" என்றார். தபால் ஆபீஸில் நான்கு முறை கத்திய பிறகுதான் இந்தக் கடிதத்தில் முத்திரை குத்தினார்கள்.

கூப்பிட்டிருந்தால் நானே ஓடி வந்திருப்பேனே திதி. தலை பின்ன எனக்குத் தெரியாதா? இப்போதாவது கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடு. சீக்கிரம்.

சிர்ஜனா

வெஸ்ட்பர்ன்
மார்ச் 21

என் நானு,

கடிதம் வந்த நிமிடமே மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வக்கீல் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கெடு முடிந்ததாம்.

ஆமாவுக்குப் போன் செய்து, "சிர்ஜனாவக் கூப்பிடு" என்றேன்.

"என்னடி கேக்குற? பூஸ் பொறக்கறதுக்கு முன்னாடி மங்சிர் மாசமே நெத்தியில டீகா வச்சு, தயிரும் முட்டையும் குடுத்து உங்கிட்ட அனுப்பினேனே! நல்லா சாப்பிடறாளா?"

அவள் இன்று காலை முதல்முறையாகப் பேசினாள். "திதி, என் தட்டு எங்க?" உன் குரலேதான். சந்தோஷத்தில் நேபாளிக் கடைக்கு ஓடி, குந்த்ருக் வாங்கி வந்து சமைத்துப் போட்டேன். நீ தொடவே மாட்டாயே, அவள் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

ஆமா நம்பாவிட்டால் போகட்டும். மூன்று உறையிலும் பூட்வல் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. நீ அங்கேதான் இருந்தாய் நானு. அத்தாட்சி என்னிடம் இருக்கிறது.

நாலாவதாக ஒன்று எழுது. முத்திரை குத்தும்வரை கத்து.

உன் திதி
பிம்லா