கோழி ரத்தத்தில் ஒரு புரதம்

லண்டன், நவம்பர் 1964

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

உயிரணுவுக்குள், பெற்றோரின் சாயலைப் பிள்ளைக்குக் கடத்தும் மரபிழையோடு ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். கோழியின் ரத்த அணுக்களில் ஒரு தனி வகை இருக்கிறது. அதுதான் இழையை அடக்கி வைக்கிறதோ என்பது எங்கள் கேள்வி.

நேற்று கோழி அறுக்கத் தெரியாமல் கூட வேலை செய்கிறவர்கள் தடுமாறினார்கள். "கைய நடுங்க விடாதலே, அது பயந்துக்கிரும்" என்று பேகம்பூரில் நம் கறிக்கடையில் நீங்கள் சொல்வீர்களே, அது காதில் கேட்டது. கத்தியை நானே வாங்கி அறுத்தேன். ரத்தம் சிந்தாமல் குழாயில் இறங்கியது.

எங்கே கற்றாய் என்றார் பேராசிரியர். கல்லூரியில் என்றேன். உங்கள் தொழிலைச் சொல்ல வாய் வரவில்லை, அத்தா.

நீங்கள் கோட்டுப் போட்டு எடுத்த படம் என் பெட்டிக்குள் இருக்கிறது. கடையில் கத்தியோடு நிற்பதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள். ஆய்வு மேசையில் வைக்க வேண்டும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மகன்,
கையூம்