சோக்கைக் கழற்றாமல் மாட்டிய டியூப்

மக்கா,

நேற்று மதியம் நம்ம காம்ப்ளக்ஸ் கக்கூசில், இருட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. புதிதாக சென்சார் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் இரண்டு நிமிடத்தில் அணைந்துபோகும். என் வயதில் அந்தக் காரியம் இரண்டு நிமிடத்தில் முடிகிறதா? உட்கார்ந்து ஆட்டியதற்கு அது மசியவில்லை. எழுந்து நின்று ஆட்டும்போது, கொண்டி சரியாக விழாத கதவு திறந்துவிட்டது. வெளியே பேக்கரிக்காரன். "அண்ணாச்சி, பஸ்ஸுக்கா கை காட்டுகிய?" என்றான். விளக்கும் அப்போது பார்த்துத்தான் எரிந்தது.

வெட்கம் ஆறினதும் கோபம் வந்தது. இந்த சென்சாரை இந்தக் கட்டிடத்தில் முதலில் சொன்னவன் நீ. "ஆளில்லாத கக்கூசுக்கும் மாடிப்படிக்கும் முழுநேரமும் எதுக்கு லைட்டு? பேய் பேப்பர் வாசிக்கவா?" என்று கடைக்காரர் கமிட்டியில் கேட்டாய். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள் இப்போது நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு காண்ட்ராக்டரைக் கொண்டுவந்து, அதையே வைத்து, அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். வயரிங்காரனான உன் பேரை ஒருத்தனும் சொல்லவில்லை. நானும் கைதட்டிவிட்டுத்தான் வந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பாறசாலை ரோட்டோரத்தில் இந்தக் கட்டிடம் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். தடித்த பழைய டியூப்லைட்டுகள், உள்ளே வண்டு மாதிரி முரளும் சோக்குகள். கரண்டு பில்லை எல்லாக் கடைக்கும் சமமாகப் பிரிப்பதால் யாரும் ஒரு விளக்கைக்கூட அணைக்க மாட்டார்கள். அணைத்தால் லாபம் பக்கத்துக் கடைக்காரனுக்கு அல்லவா! நீ கெஞ்சி அனுமதி வாங்கி, கீழ்மாடியை வரிசை வரிசையாக மாற்றினாய். பழைய சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி எடுப்பாய், வயரை நேராக இழுப்பாய், பிறகுதான் எல்.இ.டி. டியூப். அரை மணி நேரம் கழித்து ஃபிட்டிங் சூடேறியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பாய். "தொட்டுப் பாக்காம ஏணியை மடக்கப்பிடாது" என்பாய். அடுத்த பில் குறைந்து வந்த அன்று செக்ரட்டரியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என் துணிக்கடை நீ இன்னும் மாற்றாத கடைசி வரிசை. எதிர்க்கடை ஃபேன்சி ஸ்டோர் வெள்ளைவெளேர் என்று மின்ன, என் கடை எழவு வீடு மாதிரி மங்கிக் கிடந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம். ஒரு அம்மா புது கசவுப் புடவையைத் தூக்கிப் பிடித்து, "இது பழசா?" என்று கேட்டாள். பொழியூரில் உன் மனைவி வீட்டு மதில்வரை கடல் ஏறிவிட்டது என்று நீ அங்கே போயிருந்தாய். "ரெண்டு நாளில வாறேன். அது வரைக்கும் தொடாதே லே, சோக்கு உள்ள கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் தாண்டாதவன் நான். எனக்கு என்ன பயம்? ஜங்ஷனில் ஒரு டியூப் வாங்கி, ஸ்டூலில் ஏறி, பழைய ஃபிட்டிங்கிலேயே திருகி மாட்டினேன். எரிந்தது! இதற்கா இவன் இத்தனை பந்தா விடுகிறான் என்று நினைத்தேன். மனைவியை வரவழைத்துக் காட்டினேன். மறுநாள் மதியம் அந்தக் கிழட்டு சோக்கு கருகிப் புகைந்து, மேல் தட்டியில் தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டோம். ஆனால் ஓண வியாபார நேரத்தில் இரண்டு நாள் கட்டிடம் முழுக்கக் கரண்டு இல்லை.

நீ பொழியூர் மணல் ஒட்டிய காலோடு வந்தாய். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான். நீ மூடியைக் கழற்றினாய். உள்ளே சோக்கு. கீழே குனிந்து என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அவர்களிடம், "எனக்க தப்பாக்கும். ஊருக்குப் போற அவசரத்தில மாட்டினது, சோக்கைக் கழத்த மறந்து போச்சு" என்றாய்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "நெசத்தச் சொன்னா உனக்க கடையைக் காலி பண்ணுவானுவ. உனக்க மகளுக்க கல்யாணம் வருகுல்லா. எனக்கு எங்கயும் வேலை கிட்டும். விடு மக்கா."

கிட்டியதா? 'கட்டிடத்தைக் கொளுத்தினவன்' என்ற பேர்தான் கிட்டியது. பாறசாலையில் ஒரு கடையும் உன்னைக் கூப்பிடவில்லை. திருப்புறம் பக்கம் போய் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்த்தாய். நெஞ்சுவலியில் நீ செத்துப் போகிறவரைக்கும் அந்தப் பேர் உன்னை விடவில்லை. யாரடா கேட்டது உன்னிடம்? சாயா வாங்கிக் கொடுப்பதுபோல உன் மானத்தை எடுத்து எனக்குக் கொடுத்தாய். நானும் சாயா குடிப்பதுபோல வாங்கிக் குடித்தேன். உன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு, இப்போது நீ எதிரே இருந்தால் செவிட்டில் ஒன்று வைப்பேன்.

நேற்று சாயங்காலம் கமிட்டி கூடியது. மேல்மாடிக் கடைகளையும் மாற்றப் போகிறார்கள். வயர்மேன் லைசென்ஸ் எடுத்திருக்கும் உன் மகளும் கொட்டேஷன் கொடுத்திருந்தாள். முதல் வரியே, 'பழைய சோக்குகளை முழுவதும் கழற்றி எடுத்த பிறகே புதிய டியூப் பொருத்தப்படும்.' செக்ரட்டரி அதைப் படித்துவிட்டு ஒதுக்கி வைத்தார். "இவளுக்க அப்பன்தானே அண்ணு தீ வச்சது? வேண்டாம்." அவள் ஃபைலோடு வாசலில் நின்றிருந்தாள்.

நான் எழுந்தேன். "எலே, கீழ எறங்கிப் பாருங்கலே! அவன் மாட்டுன லைட்டு ஒண்ணாவது கெட்டிருக்கா? அந்த வெளிச்சத்துலதானே இண்ணைக்கும் கடை தொறந்து கச்சவடம் செய்யுகிய? நாணம் உண்டா ஒங்களுக்கு?" மேசையில் அடித்ததில் சாயா கவிழ்ந்து செக்ரட்டரியின் முண்டு நனைந்தது.

அவர் முண்டை உதறிக்கொண்டே, "சேட்டா, இரி. அப்பம் அண்ணு தீ எப்படிப் பிடிச்சு? ஒங்க கடையிலதானே? சொல்லும், கேக்கட்டும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் மகளும் பார்த்தாள்.

"அது... பழைய ஃபிட்டிங்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வேலை அந்தக் காண்ட்ராக்டருக்கே போனது. படியிறங்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து, "மாமா, அப்பாவுக்காக நீங்க ஒரு ஆளாவது பேசினியளே" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"பாத்துப் போ மக்கா" என்றேன். சொல்லாமல் விட்டது வேறு: அந்த டியூபை மாட்டினது நானாக்கும்.