மல்லிகைப்பூ வைத்துக் கட்டாதே

பழங்காநத்தம்,
மதுரை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் உன் சித்தி முத்துமீனாவுக்குக் காரியம் முடிந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார்.

நேற்றுப் போனில், பிள்ளை பால் மறந்து மூணு மாசமாச்சு, மாருல ஒரு கட்டி அப்படியே கிடக்கு, வலியில்ல, மல்லிகைப்பூ வச்சுக் கட்டட்டுமாம்மா என்று கேட்டாயே, எனக்கு உன் சித்திதான் கண்முன் வந்தாள். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் போனை வைத்தேன். சித்திக்கு மஞ்சள்காமாலை என்று உன்னிடம் சொன்னது பொய் தாயி. மார்பில் புற்று. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மறைத்தோம். என்ன பெரிய அசிங்கம், மண்ணாங்கட்டி.

கடைசிப் பிள்ளைக்குப் பால் நிறுத்தியதும் அவளும் போன வருடம் இதையேதான் சொன்னாள். வலிக்கவே இல்லக்கா என்றாள். வலிக்காட்டி என்னடி, பால் கட்டுத்தான் என்று நானே கால் கிலோ உதிரிப்பூ வாங்கிவந்து என் கையாலேயே வைத்துக் கட்டிவிட்டேன். நம் வீட்டில் பால் வற்ற எல்லாருக்கும் அதைத்தானே செய்தோம். பால் வற்றியது, கட்டி வற்றவில்லை. பிறகு அந்த இடத்துத் தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழிகுழியானது, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது, அக்குளில் நெல்லிக்காய் அளவு ஒன்று உருண்டது. அப்போதும் பொங்கல் கழியட்டும்க்கா என்றாள், நானும் சரி என்றேன். இம்புட்டு நாளா என்னம்மா செஞ்சீங்க என்று டாக்டரம்மா கேட்டார். வலியில்லை என்பதை நம்பவே கூடாதாம். கட்டியெல்லாம் புற்று இல்லையாம், முக்கால்வாசி சும்மாதானாம், ஆனால் அதை ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியுமாம்.

அவளைத் தூக்கும்போது மாலையில் மல்லிகை கட்டியிருந்தார்கள். பிய்த்து எறிந்தேன். பைத்தியம் பிடிச்சிருச்சு என்றார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

கூடப் பிறந்தவள் என்பதால் என்னையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வியாழக்கிழமை போகிறேன். நீ வெட்கப்படாமல் மாப்பிள்ளையிடம் சொல்லி இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரிடம் காட்டு. மாரியாத்தா உன்னைக் காப்பாள், அதற்காக அவளை வேண்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே. பேரனுக்கு என் முத்தம். உன் சித்தி என் பேச்சைத் தட்டாதவள், அதனால்தான் போனாள். நீயும் தட்டமாட்டாய். இந்தத் தடவை சரியாகச் சொல்கிறேன், கிளம்பிப் போ தாயி.

உன் அம்மா,
மாயக்காள்