முனிரத்னா பெயருக்கு வந்த கார்டு

என் அக்கா முனிரத்னாவுக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன். இங்கே யாருக்கடி காட்டப் போகிறேன் என்று சிரிக்காதே. போன தையில் பெரியம்மாவும் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டாள். அவள் காதில் விழுந்தால் மேலுலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். தொழிற்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்துப் பாகலூர் வந்துசேரப் பன்னிரண்டு ஆகும். அதற்குள் முடிக்க வேண்டும். உன் வணிகவியல் நோட்டின் கடைசியில் மிச்சமிருந்த தாள்களில்தான் எழுதுகிறேன். இதுகூட உன்னுடையதுதான், பார்.

நீ காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா களை பறிக்கப் போன ராகிக் கொல்லையைச் சுற்றி இப்போது கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஏதோ கம்பெனி வரப்போகிறதாம். நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். அதே பள்ளிக்கூடம், அதே மூன்றாவது குரூப்.

எனக்கு முதல் குரூப்தான் வேண்டும் என்று அழுதேன், தெரியுமா? அப்பா சொன்னது ஒரே வார்த்தை. "புக்கெல்லாம் வூட்லயே கெடக்குது. அக்கா படிச்சதையே படி." அவ்வளவுதான். உன் புத்தகம், உன் பை, உன் தாவணி. புத்தக விளிம்பெல்லாம் பென்சிலில் 'முக்கியம்', 'முக்கியம்' என்று எழுதி வைத்திருக்கிறாய். எனக்கு எது முக்கியம் என்று நானே கண்டுபிடிக்க ஒரு பக்கம்கூட நீ விட்டுவைக்கவில்லை.

சரோஜா டீச்சர்தான் இப்போதும் வணிகவியல் எடுக்கிறார். அதே வழக்கம். வணிகக் கடிதப் பாடம் வந்தால் நோட்டைத் திருத்த மாட்டார். எல்லோரும் வேலைக்கு விண்ணப்பம் எழுதி, மூன்றாக மடித்து, கவரில் போட்டு, பள்ளிக்கூட முகவரிக்கே தபாலில் அனுப்ப வேண்டும். தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். டீச்சர் வகுப்பில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். "கடிதம்னா பெட்டியில விழணும். நோட்டுல எழுதறது கடிதமில்ல, கோலம்" என்பார். உன் காலத்திலும் இதையேதானே சொன்னார்?

உன் விண்ணப்பம் இன்னும் கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கிறது. நாலு மூலையிலும் ஆணி. முத்திரை குத்திய கவரும் கீழேயே. இந்த வருஷமும் டீச்சர் அதைப் படித்துக் காட்டினார். அந்த வரி வந்ததும் வழக்கம்போல நிறுத்தினார். "எங்கள் வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டே வேலை செய்தவர்கள். உட்கார்ந்து வேலை செய்யப் போகும் முதல் ஆள் நான். ஆகவே அந்த நாற்காலியின் அருமை எனக்குத் தெரியும்."

"இந்த எடத்தைப் படிச்சா எந்த மேனேஜருக்கும் வேலை குடுக்கத் தோணும்" என்றார். பிறகு என் கடிதத்தைப் பிரித்தார். படித்து முடித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. ஆனா நாகவேணி, உங்க அக்கா மாதிரி மனசுலேருந்து எழுதணும்மா" என்றார்.

அக்கா, அந்த வரி யாருடையது?

நீ மறந்திருக்க மாட்டாய். நான் ஒன்பதாவது. நீ விளக்குப் பக்கத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மா கொல்லையிலிருந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான்தான் சொன்னேன். "அம்மாவும் நின்னுக்கினே வேலை செய்யுது, அப்பாவும் நின்னுக்கினே மூட்டை தூக்குது. நீ மட்டும் நாற்காலியில குந்திக்கினு செய்யப்போற. அதை எழுதேன்." நீ என் கன்னத்தைக் கிள்ளி, "ஏய், இது நல்லாயிருக்குடி" என்று எழுதிக்கொண்டாய்.

அதற்கப்புறம் ஒருநாளாவது, ஒருத்தரிடமாவது, அது நாகு சொன்னது என்று சொன்னாயா? சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டதா, சொல்லத் தோன்றவில்லையா? இனி நான் அந்த வரியை எழுதினால் அக்காவைப் பார்த்துக் காப்பி அடித்தாள் என்பார்கள். என் வாயில் பிறந்ததை நானே எழுத முடியாது. இந்தப் பொறாமை எவ்வளவு கெட்டது என்று உனக்குத் தெரியாது. உனக்கு யார்மேலும் பொறாமைப்பட வேண்டி வந்ததே இல்லை.

என் பக்கத்தில் பேச்சி என்று ஒருத்தி உட்காருகிறாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். மதியம் சோற்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "செத்தவகூட என்னட்டி போட்டி ஒனக்கு? அவளுக்கு இனிமே மார்க்கு குறையவே குறையாது" என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றைக்கே அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எங்க ஆபீஸ்ல டைப்படிக்க ஒரு பொண்ணு வோணுமாம். போர்டுல ஒட்டிக்கீறாங்க. கைப்பட எழுதிப் போடணுமாம், தமிழ்லயே எழுதலாமாம்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பெரியவ இருந்திருந்தா இந்நேரம் எழுதிப் போட்டிருப்பா."

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டு கவர் வாங்கினேன். ஒன்றில் சி. நாகவேணி என்று என் விண்ணப்பம், என் சொற்களில். இன்னொன்றில் உன்னுடையதை எழுத்துக்கு எழுத்து எழுதி, நீ அப்புறம் பாஸான பிளஸ் டூவையும் டைப்பையும் மட்டும் சேர்த்து, கீழே சி. முனிரத்னா என்று உன் கையெழுத்தைப் போட்டேன். இரண்டு நாள் பழகிவிட்டுத்தான் போட்டேன். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் எழுதினேன். சின்னப்பா, லோடிங், அதே கம்பெனி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டேன். உன்னையும் என்னையும் தெரியாத ஒருத்தர் எடுத்துப் படித்து, எது நல்ல கடிதம் என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை கார்டு வந்தது. ஒன்றே ஒன்று.

தபால்காரர் புதியவர். அவருக்கு உன்னைத் தெரியாது. "முனிரத்னாங்கறது நீதானாம்மா?" என்றார். நான் ஆமாம் என்றேன். உள்ளேயிருந்து அம்மா, "எவுரே வச்சிந்தி?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றேன். ஒரு நிமிஷத்தில் இரண்டு பொய்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்காணலாம். சான்றிதழ்களோடு வர வேண்டுமாம். பேச்சியிடம் காட்டினேன். "அவ பிளஸ் டூ பாஸானவ, டைப்பும் பாஸானவ. நீ படிக்கிற பிள்ளை. கம்பெனிக்காரன் வேற யாரைக் கூப்பிடுவான், லூசு?" என்றாள். அது சரிதான். ஆனாலும் அக்கா, மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் கூப்பிடுவது உன்னைத்தான்.

உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கிறது. உன் ஊதாத் தாவணியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நானே முனிரத்னாவாகப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அப்பாவுக்குப் பெரியவள் கிடைப்பாள், கம்பெனிக்கு ஆள் கிடைப்பாள். நாகவேணி இல்லாமல் போனால் யார் தேடுவார்கள்? அப்படி நினைத்ததும் பயந்துபோய், தாவணியை ஊக்கோடு பிய்த்து இழுத்துவிட்டேன். தோளில் ஒரு கிழிசல். மன்னித்துக்கொள்.

நேற்றுத்தான் கார்டைத் திருப்பி அடியில் பார்த்தேன். பேனாவால் சின்னதாக எழுதியிருக்கிறது: 'தங்கள் தந்தையார் மூலமாகவும் தகவல் தெரிவிக்கப்படும்.' மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் யாராவது வந்து, "சின்னப்பா, உம் பொண்ணு முனிரத்னாவை வெள்ளிக்கிழமை அனுப்பிடு" என்று சொன்னால்? அந்த ஒரு நொடி அவருக்கு நீ உயிரோடு வந்திருப்பாய். அடுத்த நொடி மறுபடியும் செத்திருப்பாய். அதைச் செய்தது நான். திட்டினால்கூடத் தாங்குவேன். திட்டாமல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டால்?

இந்த நோட்டில் உன் விண்ணப்பத்தின் முதல் படி இருக்கிறது. இத்தனை நாள் நல்ல படியைத்தான் பார்த்தேன். இது அடித்து அடித்து எழுதியது. ஒவ்வொரு வரியும் மூன்று தடவை, நாலு தடவை அடித்திருக்கிறாய். அடிக்காமல் நிற்பது ஒரே ஒரு வரி. என் வரி. அதை மட்டும் நான் சொன்னபோதே அப்படியே எழுதியிருக்கிறாய். உனக்கும் எழுத வராமல்தான் உட்கார்ந்திருந்தாயா? இது தெரிந்ததும் உன்மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை. பொய் சொல்ல மாட்டேன், சொன்னதே போதும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அப்பா எழுந்ததும் கார்டை அவர் கையில் கொடுத்து, நான் செய்ததைச் சொல்லிவிடுவேன். கம்பெனிக்கு மூன்றாவது கடிதம் ஒன்று எழுதி, முனிரத்னா வரமாட்டாள் என்று சொல்லுவேன். பரீட்சை முடிந்ததும் என் பெயரில் விண்ணப்பம் எழுதுவேன், இந்தக் கம்பெனிக்கோ வேறு எதற்கோ. அதில் அந்த வரி இருக்கும். அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அக்கா. கோபித்துக்கொள்ளாதே. பெயர் உன்னுடையது, அது உன்னிடமே இருக்கட்டும். வகுப்பில் காப்பி என்று சொன்னால் எழுந்து நின்று

கதவு. அப்பாதான். பன்னிரண்டுகூட ஆகவில்லை. தினமும் வாசலில் சைக்கிள் மணி அடிப்பார். இன்றைக்கு மணி அடிக்கவில்லை, தட்டுகிறார். "நாகு. கதவைத் தெற கண்ணு." குரல் ஒருமாதிரி இருக்கிறது. காலை வரைக்கும் காத்திருக்க முடியாதுபோல. கார்டு கையில் இருக்கிறது. போகிறேன்.

நின்றுகொண்டே எழுதும் உன் தங்கை,
சி. நாகவேணி